சங்கு ஊதாத ஒரு வாரம்: பிளாக்பூல் நினைவுகளின் பின்னணி

ரயில் பிரஸ்டனைத் தாண்டியதும் பிள்ளைகள் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொள்வார்கள். தட்டையான வயல், மாடுகள், மறுபடி வயல். அப்புறம் தூரத்தில், வானமும் நிலமும் சேரும் இடத்தில், பென்சிலால் கிழித்த மாதிரி ஒரு கோடு. "டவர்!" என்று முதலில் கத்துகிற பிள்ளைக்கு அப்பா கையிலிருந்து ஆறு பென்ஸ் நாணயம். கடற்கரை ஊரான பிளாக்பூல் வந்துவிட்டது.

வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஷயர் மில் ஊர்களில் 1950களில் சிறுபிள்ளைகளாக இருந்தவர்களுக்கு இன்று எழுபது, எண்பது வயது. கடற்கரை விடுமுறை என்று பேச்செடுத்தால் இந்த ஆறு பென்ஸிலிருந்துதான் பலரும் தொடங்குவார்கள். அதற்கு மேல் அவர்கள் சொல்வதைக் கேட்டால் நமக்குக் கொஞ்சம் குழப்பமாகவே இருக்கும். ஆகஸ்டிலும் பல்லைக் கிட்டவைக்கும் ஐரிஷ் கடல். அம்மா கம்பளி நூலில் பின்னிக்கொடுத்த நீச்சலுடை, நனைந்ததும் கனம் தாங்காமல் முழங்காலுக்குத் தொங்கிப்போன கதை. கடித்தால் மணல் நறநறக்கும் சாண்ட்விச். கோட்டையும் டையையும் கழற்றாமல், கால்சட்டையை மட்டும் சுருட்டிவிட்டுக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நின்ற அப்பா. நான்கு முனையிலும் முடிச்சுப் போட்ட கைக்குட்டையைத் தொப்பியாகப் போட்டுக்கொண்டு சாய்வு நாற்காலியில் குறட்டை விட்ட தாத்தா. நடுவே மழை, முடிந்தால் இன்னும் மழை.

இதில் ஏங்குவதற்கு என்ன இருக்கிறது? சின்ன வயசு நினைவு எல்லாருக்கும் இனிக்கத்தான் செய்யும், சரி. ஆனால் பிளாக்பூல் நினைவுக்கு வேறொரு ருசியும் உண்டு. அங்கே ஒரு குடும்பம் தனியாகப் போகவில்லை. ஊரே போனது. பக்கத்து வீட்டுக்காரர், எதிர் வீட்டுக்காரர், மில்லில் அப்பாவோடு வேலை செய்பவர், பள்ளிக்கூடத்தில் முன் பெஞ்சில் உட்காரும் பையன் என்று அத்தனை பேரும் அதே வாரம், அதே மணலில். அது எப்படி நடந்தது என்று புரிந்துகொள்ள, கடலை விட்டுவிட்டு முதலில் மில்லுக்குப் போக வேண்டும்.

கடற்கரைக்குப் போவது இங்கிலாந்தில் முதலில் பணக்காரர்களின் வைத்தியமாக இருந்தது. யார்க்ஷயரில் இருக்கும் ஸ்கார்பரோவில் 1626 வாக்கில் ஒரு மருத்துவ ஊற்று கண்டுபிடிக்கப்பட்டு, அதைக் குடிக்க வந்த சீமான்கள் அப்படியே கடலிலும் இறங்கினார்கள். 1750ல் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற மருத்துவர், கடல் நீரில் குளிப்பதோடு அதைக் குடிக்கவும் வேண்டும் என்று லத்தீனில் ஒரு நூலே எழுதினார். பிரைட்டன் அப்படித்தான் பெயர் பெற்றது; 1783ல் பட்டத்து இளவரசர் அங்கே வந்துசேர, நாகரிகமும் பின்னாலேயே வந்தது. இதெல்லாம் தெற்கத்திக் கதை. மில் தொழிலாளிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

மில் தொழிலாளியின் விடுமுறைக்கு வேர் வேறு. அதன் பெயர் வேக்ஸ். ஊர் தேவாலயம் எந்தப் புனிதரின் பெயரில் இருக்கிறதோ, அவர் திருநாளுக்கு முந்தின இரவு மக்கள் கண்விழித்து ஜெபம் செய்வார்கள். அந்த விழிப்பிலிருந்து வந்த பெயர் அது. மறுநாள் சந்தை, கூத்து, குடி. நாளடைவில் புனிதர் பின்னால் போய், குடியும் கூத்தும் முன்னால் வந்துவிட்டன. இது எந்த ஊர் திருவிழாவுக்கும் நடப்பதுதான். பருத்தி மில்கள் முளைத்தபோது, வேலை கெடுகிறது என்று முதலாளிகள் இதைக் கட்டுப்படுத்தப் பார்த்தார்கள், முடியவில்லை. திருவிழா அன்று பாதிப் பேர் வராவிட்டால் மீதிப் பேரை வைத்துத் தறி ஓட்டி என்ன ஆகப்போகிறது? கடைசியில் மில்லையே மூடிவிட்டு, அந்த நாட்களில் பாய்லரைச் சுரண்டிக் கழுவி, இன்ஜினைப் பிரித்துப் பழுது பார்க்கும் வழக்கம் வந்தது. திருவிழா நாள் இப்படித் திருவிழா வாரமாக நீண்டது. அந்த ஒரு வாரம் சங்கு ஊதாது. புகைபோக்கிகள் ஓய்ந்திருக்கும். ஊரைச் சுற்றி மலை இருப்பதே அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும் என்பார்கள்.

ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு புனிதர், ஒவ்வொரு தேதி. பர்ன்லிக்கு ஜூலைத் தொடக்கம், ஓல்டமுக்கு ஆகஸ்ட் கடைசி. இடையில் ஸ்காட்லாந்திலிருந்து கிளாஸ்கோக்காரர்கள் தங்கள் ஜூலைச் சந்தை விடுமுறைக்கு இறங்குவார்கள். பிளாக்பூலின் அதிர்ஷ்டம் இந்தத் தேதிக் குளறுபடியில்தான் இருந்தது என்பது என் எண்ணம். எல்லா மில்லும் ஒரே வாரத்தில் மூடியிருந்தால் அந்த ஊர் ஒரு வாரம் மூச்சுத் திணறி, மீதி வருஷம் ஈ ஓட்டியிருக்கும். முறைவைத்து வந்ததால் கோடை முழுக்கக் கூட்டம். அந்தக் கூட்டத்தை நம்பித்தான் கடலுக்குள் நீளும் மூன்று பாலங்களும், 1894ல் 518 அடி உயர டவரும் எழுந்தன. பாரிஸில் ஈஃபெல் கோபுரத்தைப் பார்த்துவிட்டு வந்த மேயர் ஜான் பிக்கர்ஸ்டாஃபின் ஆசை அது. நகலின் நான்கு கால்களுக்கு நடுவில் ஒரு சர்க்கஸ் அரங்கத்தையும் வைத்தார்கள். அது பாரிஸ்காரர்களுக்குத் தோன்றவில்லை.

ரயில் பிளாக்பூலுக்கு 1846ல் வந்தது. 1860ல் வேக்ஸ் சமயத்தில் ஓல்டம் என்ற ஒரே ஊரிலிருந்து மட்டும் 23,000 பேர் சிறப்பு ரயில்களில் போனார்கள். காசு எங்கிருந்து வந்தது? இந்த விடுமுறைக்கு அப்போது சம்பளம் கிடையாது. 1907ல் நடைமுறைக்கு வந்த உடன்பாடு, மில் தொழிலாளிக்கு வருஷத்துக்கு 12 நாள் விடுப்பை உறுதி செய்தது. அதுவும் சம்பளமில்லாத விடுப்புதான். ஆக, போகிற செலவும் போச்சு, வாரக் கூலியும் போச்சு. இதைச் சமாளித்தது ஒரு சீட்டு. நம் தீபாவளிச் சீட்டின் அண்ணன் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரா வாரம் சில பென்ஸ் கட்டி, வேக்ஸுக்கு முன்னால் மொத்தமாக எடுத்துக்கொள்வார்கள். மில்லிலும் மதுக்கடையிலும் தேவாலயத்திலும் இப்படிச் சீட்டுகள் நடந்தன. லங்காஷயர் நெசவு ஊர்களில் பெண்களும் தறியில் நின்று சம்பாதித்தார்கள் என்பதும் முக்கியம். ஒரே ஆள் கூலியில் பிழைத்த சுரங்க ஊர்க் குடும்பங்களுக்கு இந்த வசதி இல்லை.

சம்பளத்தோடு விடுப்பு என்ற சட்டம் 1938ல்தான் வந்தது. அடுத்த வருஷமே போர். சட்டத்தின் பலன் முழுசாக மக்கள் கையில் சேர்ந்தது 1945க்குப் பிறகு. நாம் பார்த்த எழுபது எண்பது வயதுக்காரர்களின் பிள்ளைப் பருவம் சரியாக அந்த இடத்தில் விழுகிறது. ரேஷன் முடியும் காலம், முதல் முறையாகச் சம்பளத்தோடு விடுப்பு, வெளிநாட்டுக்குப் பறக்க வழியில்லாத பர்ஸ். பிளாக்பூலின் உச்சமும் இவர்களின் எட்டு வயதும் ஒன்றாக வந்தன.

சனிக்கிழமை வந்து இறங்கினால் அடுத்த சனிக்கிழமை வரை வீடு என்பது வீட்டுக்காரம்மாவின் வீடு. போர்டிங் ஹவுஸ் நடத்திய இந்தப் பெண்கள் இங்கிலாந்தில் ஒரு தனி ஜாதி. அவர்களைப் பற்றிய நகைச்சுவைத் துணுக்குகளுக்கும் கேலிச் சித்திரங்களுக்கும் கணக்கில்லை. பழைய காலத்து ஏற்பாடு வேடிக்கையானது. வாடகை அறைக்கு மட்டும். மளிகையும் கறியும் மீனும் நீங்களே வாங்கிக் கொடுக்க வேண்டும், வீட்டுக்காரம்மா சமைத்துத் தருவார். ஐந்து குடும்பம் இருந்தால் அடுப்பில் ஐந்து சமையல். யாருடைய உருளைக்கிழங்கு எந்தச் சட்டியில் என்று அவருக்குத்தான் வெளிச்சம். பில்லில் வெந்நீருக்குத் தனிக் காசு. மேஜையில் இருக்கும் உப்பு, மிளகு, வினிகர் குப்பிகளுக்கும் ஒரு காசு. பின்னால் மூன்று வேளைச் சாப்பாடும் சேர்ந்த கணக்கு வந்தது. ஆனால் காலைச் சாப்பாடு முடிந்ததும் வெளியே போய்விட வேண்டும், அடுத்த சாப்பாட்டு மணிக்குத்தான் திரும்பலாம் என்ற விதி மாறவில்லை. மழை கொட்டினாலும் அதே விதிதான்.

அதனால்தான் இவர்களின் நினைவில் மழைக்கு இவ்வளவு இடம். மழைக்கோட்டுப் போட்ட குடும்பங்கள் கடற்கரை நிழற்குடைகளில் நெருக்கியடித்து நின்று, தெர்மாஸிலிருந்து டீ ஊற்றிக் குடித்து, "மேற்கே வெளுக்குது பாரு" என்று ஒருவருக்கொருவர் பொய் சொல்லிக்கொண்டார்கள். அந்த நிழற்குடையில் பக்கத்தில் நின்றவர் உங்கள் தெருக்காரராகவே இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுக்காரம்மாக்களிலேயே பலர் மில் ஊர்களிலிருந்து வந்தவர்கள். ஓல்டம்காரர் நடத்தும் வீட்டில் ஓல்டம்காரர்கள் தங்குவார்கள். போகும்போதே அடுத்த வருஷத்துக்கும் அதே அறையைச் சொல்லிவிட்டுப் போவார்கள். பத்து வருஷம் தொடர்ந்து போன பிள்ளைக்கு அந்த மாடிப்படியில் எந்தப் பலகை கிறீச்சிடும் என்பது வரை பாடம்.

பகலெல்லாம் மணல். கடலுக்கும் மணலுக்கும் அங்கே ஓயாத தகராறு. ஒரு நாளில் இரண்டு முறை அலை ஏறி, உயர்ந்த ஓதத்தில் கடற்கரைச் சுவர் வரை வந்து முட்டும். காலையில் கட்டிய மணல் கோட்டை மதியம் காணாமல் போகும். இறங்கும்போது மறுபடி அகலமான ஈர மணல். கழுதை சவாரி, பஞ்ச் அண்ட் ஜூடி பொம்மலாட்டம், ஐஸ்கிரீம் எல்லாம் இந்த இடைவேளைக்குள்தான். அந்தப் பொம்மலாட்டம் நடத்துபவருக்குப் பட்டம் 'புரொஃபசர்'. வாய்க்குள் ஒரு சின்னச் சீழ்க்கையை வைத்துக்கொண்டு பஞ்ச் என்ற பொம்மையின் கீச்சுக் குரலைக் கொடுப்பார். பொண்டாட்டியை அடி, போலீஸை அடி, முதலையிடம் கடி வாங்கு: கதை அவ்வளவுதான். இன்று பார்த்தால் முகம் சுளிக்கத் தோன்றும். அன்று பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பெரியவர்களின் சிரிப்புக்குக் கடை வாசலில் அஞ்சலட்டைகள் சுழன்றன. பெருத்த மனைவி, ஒல்லிக் கணவன், இரட்டை அர்த்த வசனம். இவற்றை வரைவதில் பேர்போன டொனால்ட் மெக்கில்லை 1954ல் லிங்கன் நகர நீதிமன்றத்தில் ஆபாச வழக்கில் நிறுத்தி 50 பவுண்டு அபராதம் போட்டார்கள். சட்டை பட்டனைக் கழுத்து வரை போட்டிருந்த ஒரு சமூகம் வருஷத்துக்கு ஒரு வாரம் மட்டும் அதைத் தளர்த்திக்கொண்டது. அதற்கும் நீதிமன்றம் குறுக்கே வந்தது.

ராக் மிட்டாயைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேசியாக வேண்டும். விரல் தடிமனில் ஒரு குச்சி; வெளியே அடர்ந்த ரோஜா நிறம், உள்ளே வெள்ளை. எந்த இடத்தில் உடைத்தாலும் வட்டத்துக்குள் சிவப்பு எழுத்தில் 'பிளாக்பூல் ராக்' என்று இருக்கும். சப்பிச் சப்பி முனை ஊசியாகும் வரை எழுத்து கூடவே வரும். எப்படி எழுதுகிறார்கள் என்று யோசிக்காத பிள்ளை இருக்க முடியாது. ரகசியம் இதுதான்: எழுதுவதே இல்லை, அடுக்குகிறார்கள்.

சர்க்கரையையும் குளுக்கோஸ் பாகையும் கொதிக்கவைத்து இரும்பு மேஜையில் கொட்டுவார்கள். ஆறத் தொடங்கியதும் ஒரு பகுதிக்கு எழுத்துக்கான சிவப்பும், இன்னொன்றுக்கு மேல்தோலுக்கான ரோஜாவும் கலப்பார்கள். மீதியை இயந்திரக் கைகளில் மாட்டி இழுத்து மடித்து, இழுத்து மடித்துக் காற்றேற்றினால் கண்ணாடி போல இருந்த பாகு பால் வெள்ளையாகிவிடும். அப்புறம் சிவப்புப் பட்டைகளையும் வெள்ளைப் பட்டைகளையும் அடுக்கி ஒவ்வொரு எழுத்தையும் நீளக் கட்டையாகச் செய்வார்கள். கட்டையின் முகத்தைப் பார்த்தால் எழுத்து தெரியும். இங்கே ஒரு தொழில் நுட்பம் உண்டு. நேர்கோட்டு எழுத்துகளை முதலில் செய்வார்கள், வட்ட எழுத்துகளைக் கடைசியில். சூடான சர்க்கரை நிற்கும்போதே தளர்ந்து தட்டையாகும். 'ஓ' முதலில் செய்து வைத்தால் முடிப்பதற்குள் முட்டையாகிவிடும். பிளாக்பூல் என்ற பெயரில் இரண்டு 'ஓ' வேறு. எல்லாக் கட்டைகளையும் வெள்ளை மையத்தைச் சுற்றி வரிசையாக நிறுத்தி, மேலே ரோஜாத் தோலைப் போர்த்தினால் தூண் மாதிரி ஒரு குண்டு உருளை கிடைக்கும். அதை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் சரிந்துவிடும். உருட்டியபடி ஒரு முனையைப் பிடித்து இழுக்க இழுக்க, தூண் கயிறாகும். உள்ளங்கை அகலத்தில் இருந்த எழுத்து கடுகளவாகும். ஆறியதும் நறுக்கிக் காகிதம் சுற்றிவிடுவார்கள். ஊர் பெயரைத் தின்றுகொண்டே ஊர் திரும்பலாம்.

கோடை முடிந்ததும் விளக்கு அலங்காரம். 1879லேயே கடற்கரைச் சாலையில் எட்டு மின்வில் விளக்குகளை ஏற்றி 'செயற்கை வெயில்' என்று விளம்பரம் செய்த ஊர் இது. 1885ல் மின்சார டிராம். 1912ல் ஓர் இளவரசியின் வருகைக்காகப் பத்தாயிரம் பல்புகளைத் தொங்கவிட்டதிலிருந்து, இரண்டு உலகப் போர்களும் அவற்றை ஒட்டிய சில வருஷங்களும் நீங்கலாக, இலையுதிர் காலச் சீரியல் விளக்குகள் வழக்கமாகிவிட்டன. குளிக்க முடியாத மாதத்திலும் கூட்டத்தை வரவழைக்க இதைவிட நல்ல தந்திரம் இருக்க முடியாது. ஓல்டம்காரர்கள் திரும்பிப் போன பிறகும் கல்லாப்பெட்டி மூடவில்லை.

இந்தக் கதையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. பிளாக்பூலில் செலவான காசு பருத்தித் துணிக் காசு. முதல் உலகப் போருக்கு முன் லங்காஷயரின் துணிக்கு மிகப் பெரிய சந்தை இந்தியாதான். போருக்குப் பின் அந்தச் சந்தை கையைவிட்டுப் போக ஆரம்பித்தது; இந்தியாவிலேயே மில்கள் பெருகின, ஜப்பான் துணி வந்தது, அந்நியத் துணிப் புறக்கணிப்பும் சேர்ந்துகொண்டது. 1931 செப்டம்பரில் காந்தி லங்காஷயரின் டார்வென் ஊருக்கே போய், வேலையிழந்த மில் தொழிலாளர்களைச் சந்தித்தார். பெண் தொழிலாளர்கள் அவரைச் சூழ்ந்து நின்று ஆரவாரிக்கும் புகைப்படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நல்ல வருஷமாக இருந்திருந்தால் அவர்களும் வேக்ஸுக்குப் பெட்டி கட்டியிருப்பார்கள். 1958ல் விஷயம் தலைகீழாகி, பிரிட்டன் விற்பதைவிட அதிகமாகத் துணியை வாங்கும் நாடானது. மிஞ்சிய மில்கள் இரவு ஷிப்டுக்கு ஆள் தேடியபோது வந்து நின்றவர்களில் பாகிஸ்தானியரும் குஜராத்தியரும் நிறைய.

பிளாக்பூல் ஏன் தேய்ந்தது என்று கேட்டால் எல்லாரும் ஸ்பெயினைக் கைகாட்டுவார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1950ல் கோர்சிகாத் தீவின் கால்வி என்ற ஊருக்கு 32 பவுண்டு 10 ஷில்லிங்குக்கு விமானமும் கூடாரமும் சாப்பாடும் சேர்த்து விளாதிமிர் ராய்ட்ஸ் என்பவர் விற்ற பயணம்தான் தொடக்கம். வெளிநாடு போகிறவர் 50 பவுண்டுக்கு மேல் எடுத்துப்போகக் கூடாது என்ற 1966ஆம் வருஷக் கட்டுப்பாடு 1970ல் நீங்கியது. எழுபதுகளில் உத்தரவாதமான வெயில் எட்டும் விலைக்கு வந்தது. ஆனால் வெயிலை மட்டும் சொன்னால் கணக்கு உதைக்கிறது. பிளாக்பூலில் வெயில் என்றைக்கு இருந்தது? அது இல்லாமலேயேதான் நூறு வருஷம் கூட்டம் வந்தது.

அறுந்துபோனது நாட்காட்டி. 1960களிலும் 70களிலும் லங்காஷயரில் ஏறக்குறைய வாரத்துக்கு ஒரு மில் வீதம் மூடப்பட்டது. மில் இல்லாத ஊரில் ஊர் விடுமுறை எதற்கு? அப்பா ஒரு கம்பெனியில், அம்மா வேறொன்றில். அவரவர் லீவு அவரவர் கையில். பள்ளி விடுமுறையும் நாளடைவில் நாடு முழுக்க ஒரே மாதிரி ஆனதும் வேக்ஸின் கடைசி இழையும் போனது. கார் வந்த பிறகு பிளாக்பூலுக்குக் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். வீட்டுக்காரம்மாவுக்கு வேலை இல்லை. சிறப்பு ரயில்கள் வந்து குவிந்த, பதினான்கு நடைமேடை கொண்ட பிளாக்பூல் சென்ட்ரல் ஸ்டேஷன் 1964 நவம்பரில் மூடப்பட்டது. டவரின் காலடியில் கொண்டுபோய் இறக்கிவிடும் ஸ்டேஷன் அது. அந்த இடம் கார் நிறுத்துமிடமானது.

போர்டிங் ஹவுஸ்கள் என்ன ஆயின? அறை அறையாகத் தடுத்து, மாத வாடகைக்கு விட்டார்கள். வேறெங்கும் வீடு கிடைக்காதவர்கள், ஒரு காலத்தில் பிளாக்பூலில் சந்தோஷமாக இருந்தோமே என்று வந்தவர்கள், உடல்நலம் கெட்டவர்கள் அங்கே ஒதுங்கினார்கள். 2019ல் இங்கிலாந்து அரசு வெளியிட்ட வறுமைக் குறியீட்டில் மிகப் பின்தங்கிய பத்துச் சிறு பகுதிகளில் எட்டு பிளாக்பூலில் இருந்தன. முதலிடம் எசெக்ஸ் கரையின் ஜேவிக். அதுவும் லண்டன்வாசிகளின் கோடைக் குடில்களாகத் தொடங்கிய கடலோர ஊர்தான். நினைவில் இனிக்கும் ஊர்களும் இந்தப் பட்டியலும் இப்படி ஒன்றின்மேல் ஒன்று விழுவதை, ராக் மிட்டாய் படம் போட்ட கட்டுரைகள் பெரும்பாலும் சொல்வதில்லை.

ஆனாலும் பிளாக்பூல் காலியாகிவிடவில்லை. டிராம் ஓடுகிறது. இலையுதிர் காலத்தில் பல்புகள் எரிகின்றன, அதைப் பார்க்கக் கார்கள் ஊர்ந்து வரிசை கட்டுகின்றன. டவரின் நடன அரங்கில் வயதான ஜோடிகள் ஆர்கன் இசைக்கு மெதுவாகச் சுற்றி வருகிறார்கள். மணலில் கழுதைகள் இன்னும் பிள்ளைகளைச் சுமக்கின்றன. அவற்றுக்கு நகராட்சி விதிகள் உண்டு. மதியம் ஒரு மணி நேரம் ஓய்வு, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. மில் ஊர்களின் தேதிகளெல்லாம் அழிந்துபோனாலும் கழுதைகளின் தேதி மாறவில்லை: வெள்ளிக்கிழமை அவை வேலைக்கு வருவதில்லை.